நல்ல கிருமிகளும் நம் வயிறும்: ஒரு திருத்தக் கணக்கு



சென்ற மாத நிகழ்ச்சி ஒன்றில் நான் சொன்ன ஒரு வசனத்தைத் திருத்துவதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். "அன்ரிபயோட்டிக் மருந்து எடுக்கிற எல்லோரும் கூடவே புரோபயோட்டிக் குளிசையும் எடுத்தால் நல்லது, அதனால் ஒரு கெடுதலும் இல்லை" என்று சொல்லியிருந்தேன். இரண்டு நாள் கழித்து ஒரு அக்கா நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, நீங்கள் றேடியோவில சொன்னதைக் கேட்டு இவருக்கு வாங்கப் போனனான். இவர் கீமோதெரபி எடுத்துக்கொண்டிருக்கிறார் எண்டு சொன்னவுடனை, டொக்டரைக் கேக்காமல் குடுக்கவேண்டாம் எண்டு பாமசியில நிண்ட பிள்ளை மறிச்சுப்போட்டுது. ஆர் சொல்லுறது சரி?"

பாமசியில் நின்ற பிள்ளை சொன்னதுதான் சரி. அதை அந்த அக்காவிடம் அப்போதே சொல்லிவிட்டேன். ஆனால் அன்று என் குரலைக் கேட்ட மற்றவர்கள் எல்லோரும் தொலைபேசி எடுத்திருக்க மாட்டார்கள் அல்லவா?

நான் வைத்தியன் அல்ல. வர்த்தகம் படித்த கணக்காளன். கணக்கில் பிழை விட்டால் அதை அழித்து மறைக்கக்கூடாது, திருத்தப் பதிவு எழுதவேண்டும் என்பது எங்கள் தொழிலின் ஆரம்பப் பாடம். ஆகவே கடந்த சில வாரங்களாக இந்த விடயத்தைத் தேடிப் படித்து, எனக்குத் தெரிந்த வரவு செலவு முறையிலேயே இங்கே தருகிறேன்.

புரோபயோட்டிக் என்றால் என்ன?

2001ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து இதற்கு ஒரு வரைவிலக்கணம் கொடுத்தன. போதிய அளவில் உட்கொள்ளும்போது உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்களே புரோபயோட்டிக். இதில் மூன்று சொற்களை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். உயிருள்ளதாக இருக்கவேண்டும், போதிய அளவு இருக்கவேண்டும், நன்மை நிரூபிக்கப்பட்டிருக்கவேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் பற்றீரியாதான்.

அன்ரிபயோட்டிக் என்பது பற்றீரியாவைக் கொல்லும் அல்லது வளரவிடாமல் தடுக்கும் மருந்து. புரோபயோட்டிக் என்பது நல்ல நுண்ணுயிர்களை உள்ளே அனுப்பும் முயற்சி. பெயர்கள் ஒன்றுபோலக் கேட்டாலும் வேலைகள் நேரெதிர்.

தயிரில் தொடங்கிய கதை

1899இல் பாரிசில் உள்ள பாஸ்ரர் நிறுவனத்தில் ஹென்றி ரிசியே என்ற வைத்தியர், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் ஒரு வகைப் பற்றீரியாவைக் கண்டுபிடித்தார். இன்று அதை பிஃபிடோபற்றீரியம் என்கிறார்கள். அதே நிறுவனத்தில் வேலை செய்தவர் எலி மெச்னிகோவ். நோயெதிர்ப்புச் சக்தி பற்றிய ஆராய்ச்சிக்காக 1908இல் நோபல் பரிசைப் பங்கிட்டுக்கொண்டவர். பல்கேரிய நாட்டுக் கிராமத்தவர்கள் நீண்டகாலம் வாழ்வதற்கு அவர்கள் குடிக்கும் புளித்த பாலே காரணம் என்று அவர் நம்பினார். தானும் தினமும் புளித்த பால் குடித்தார். 1916இல் தனது 71ஆவது வயதில் காலமானார். ஆயுள் நீளும் என்பது நிரூபணமாகவில்லை. ஆனால் குடலில் வாழும் கிருமிகள் எல்லாமே எதிரிகள் அல்ல என்ற எண்ணம் அவரால் உலகெங்கும் பரவியது.

முதலாம் உலகப்போர்க் காலத்தில், 1917இல், ஜேர்மனிய வைத்தியர் அல்பிரட் நிசில் ஒரு போர்வீரரைக் கவனித்தார். கூட இருந்தவர்கள் வயிற்றோட்டத்தில் வாட, இவருக்கு மட்டும் ஒன்றும் இல்லை. அவருடைய மலத்திலிருந்து பிரித்தெடுத்த பற்றீரியா நிசிலின் பெயரோடு இன்றும் மருந்தாக இருக்கிறது. 1920களில் இந்தோசீனாவில் இருந்த பிரெஞ்சுக்காரர் ஹென்றி புலார், வாந்திபேதி பரவிய காலத்தில் மக்கள் லீச்சி, மங்குஸ்தான் பழத்தோல்களைப் பயன்படுத்துவதைக் கண்டு, அந்தப் பழங்களிலிருந்து ஒரு ஈஸ்ற்றைப் பிரித்தார். நாங்கள் பள்ளிக்கூடத்தில் மதுவம் என்று படித்த இனம் அது. 1930இல் ஜப்பானில் மினொரு சிரோட்டா வளர்த்தெடுத்த பற்றீரியாதான், 1935இல் விற்பனைக்கு வந்த யக்குல்ற் என்ற சின்னப் போத்தல் பானத்தில் இருப்பது.

குடலின் ஐந்தொகை

சராசரி மனித உடலில் சுமார் 30 இலட்சம் கோடி மனிதக் கலங்களும், சுமார் 38 இலட்சம் கோடி பற்றீரியாக்களும் இருப்பதாக 2016இல் வெளிவந்த ஒரு கணிப்பு சொல்கிறது. பற்றீரியாக்களில் பெரும்பகுதி பெருங்குடலில் இருக்கிறது. நம்மால் சமிக்க முடியாத நார்ச்சத்தை அவை உடைத்துக் குடலுக்கு உணவாக்குகின்றன. விற்றமின் கே போன்றவற்றை உண்டாக்குகின்றன. இடத்தைத் தாங்களே பிடித்துக்கொண்டு இருப்பதால், கெட்ட கிருமிக்கு இடம் கிடைப்பதில்லை.

இப்போது ஒரு கப்சூலை எடுங்கள். 1000 கோடி உயிர்க்கிருமிகள் என்று பெரிதாக எழுதியிருக்கும். கேட்கப் பெரிய தொகைதான். ஆனால் 38 இலட்சம் கோடியோடு ஒப்பிட்டால் அது 3800இல் ஒரு பங்கு. வங்கியில் 3800 டொலர் வைத்திருப்பவர் மேலும் ஒரு டொலரை வைப்பிலிட்ட மாதிரி. அந்த ஒரு டொலரும் அநேகமாக அங்கே தங்குவதில்லை. குளிசையை நிறுத்திச் சில நாட்களில் அல்லது வாரங்களில் அந்தக் கிருமிகள் பெரும்பாலும் வெளியேறிவிடும். போகிற வழியில் அவை வேலை ஏதும் செய்கின்றனவா என்பதுதான் கேள்வி.

வரவுப் பக்கம்: எங்கே பயன் உண்டு?

அன்ரிபயோட்டிக் எடுக்கும்போது நோய்க்கிருமியோடு சேர்த்து நல்ல பற்றீரியாவும் அடிபடும். பலருக்கு வயிற்றோட்டம் வருவது இதனால்தான். பிள்ளைகளிடம் செய்யப்பட்ட 33 ஆய்வுகளை, 6352 பேரின் விபரங்களோடு, கொக்ரேன் என்ற ஆய்வு அமைப்பு 2019இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தது. புரோபயோட்டிக் எடுக்காத 100 பிள்ளைகளில் 19 பேருக்கு வயிற்றோட்டம் வந்தது. எடுத்த 100 பிள்ளைகளில் 8 பேருக்குத்தான் வந்தது.

இதைக் கணக்காளர் கண்ணால் பாருங்கள். 100 பேரில் 11 பேர் நன்மை அடைந்தார்கள். 81 பேருக்கு குளிசை இல்லாவிட்டாலும் வயிற்றோட்டம் வந்திராது. 8 பேருக்கு குளிசை எடுத்தும் வந்தது. அதாவது ஒரு பிள்ளையைக் காப்பாற்ற ஒன்பது பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டும். இது நல்ல பலன்தான். ஆனால் "எடுத்தால் வராது" என்று நான் சொன்னது போல அல்ல.

வைத்தியசாலையில் இருக்கும் முதியவர்களைத் தாக்கும் சி. டிஃபிசில் என்ற கிருமி இன்னொன்று. அன்ரிபயோட்டிக்குக்குப் பின் கடுமையான வயிற்றோட்டத்தை உண்டாக்கி உயிரையும் எடுக்கக்கூடியது. 31 ஆய்வுகளைச் சேர்த்த 2017ஆம் ஆண்டுக் கொக்ரேன் அறிக்கையில், புரோபயோட்டிக் எடுக்காதவர்களில் 4 வீதமானோருக்கும் எடுத்தவர்களில் 1.5 வீதமானோருக்கும் இந்த வயிற்றோட்டம் வந்தது. நன்மை பெரும்பாலும் ஆபத்துக் கூடியவர்களுக்கே கிடைத்தது.

எங்கள் அயல்நாடான இந்தியாவின் ஒடிசா மாநிலக் கிராமங்களில் நடந்த ஆய்வு என் மனதைத் தொட்டது. 4556 பச்சைக் குழந்தைகள் பங்குபற்றினார்கள். பாதிப்பேருக்கு ஒரு வாரம் ஒரு வகை லக்ரோபசிலசும் அதற்கு உணவான ஒரு மாவுச் சத்தும் கொடுக்கப்பட்டன. இரத்தத்தில் கிருமி பரவுதல் அல்லது மரணம் என்ற நிலை, மற்றக் குழந்தைகளில் 9 வீதமாகவும் இவர்களில் 5.4 வீதமாகவும் இருந்தது. 2017இல் வெளிவந்த முடிவு இது. செலவோ மிகச் சொற்பம்.

பாலில் உள்ள லக்ரோஸ் சீனி சமிக்காதவர்களுக்கு உயிர்ப்பற்றீரியா உள்ள யோகட் உதவும் என்பதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2010இல் ஏற்றுக்கொண்டது. பால் குடித்தால் வயிறு ஊதும், தயிர் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது என்று எங்கள் வீடுகளில் சொல்வது இதைத்தான்.

செலவுப் பக்கம்: எங்கே பயன் தெரியவில்லை?

வேறு ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. பிரித்தானியாவில் 65 வயதுக்கு மேற்பட்ட கிட்டத்தட்ட 3000 நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வு 2013இல் வெளிவந்தது. அன்ரிபயோட்டிக்கால் வரும் வயிற்றோட்டம் புரோபயோட்டிக் எடுத்தவர்களில் 10.8 வீதம், எடுக்காதவர்களில் 10.4 வீதம். வித்தியாசமே இல்லை.

பிள்ளைகளுக்குத் திடீரென வரும் வாந்தி, வயிற்றோட்டத்துக்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் 2018இல் இரண்டு ஆய்வுகள் வந்தன. அமெரிக்க ஆய்வில் 971 பிள்ளைகள், கனடிய ஆய்வில் 886 பிள்ளைகள். இரண்டிலும் புரோபயோட்டிக்கால் பயன் இல்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு நடந்தவர்களில் நானும் ஒருவன். பள்ளிக்கூடத் தாழ்வாரங்களில் குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் வந்தபோது கைகொடுத்தது ஜீவனிப் பக்கற்றுத்தான். கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து, கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கிய தாய்மாரை இன்றும் மறக்கவில்லை. உப்பும் சீனியும் சேர்ந்த அந்தத் தண்ணீரின் இடத்தை இன்றுவரை எந்த விலை உயர்ந்த கப்சூலும் பிடிக்கவில்லை. பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால் முதலில் வாங்கவேண்டியது பாமசியில் விற்கும் நீரிழப்புத் திரவம். கண் குழிவிழுந்தால், சிறுநீர் குறைந்தால், மலத்தில் இரத்தம் போனால், பிள்ளை சோர்ந்து படுத்தால் உடனே வைத்தியரிடம்.

இன்னொரு புதினமான ஆய்வு இஸ்ரேலில் 2018இல் வெளிவந்தது. 21 பேர் மட்டுமே பங்குபற்றிய சிறிய ஆய்வு. அன்ரிபயோட்டிக் முடிந்தபின் புரோபயோட்டிக் எடுத்தவர்களின் குடல் தன் பழைய பற்றீரியாக் கூட்டத்துக்குத் திரும்ப, ஒன்றும் எடுக்காதவர்களைவிடக் கூடுதல் காலம் பிடித்தது. வந்த விருந்தாளி, வீட்டுக்காரரை உள்ளே விடாமல் வாசலை மறித்துக்கொண்ட மாதிரி.

இவற்றையெல்லாம் பார்த்து, அமெரிக்கக் குடல்நோய் வைத்தியர் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி மிகச் சில நிலைமைகளுக்கு மட்டுமே புரோபயோட்டிக்கைப் பரிந்துரைத்தது. அதுவும் குறிப்பிட்ட வகைகளை மட்டும்.

ஆபத்துப் பக்கம்: யார் கேட்காமல் எடுக்கக்கூடாது?

அந்த அக்காவின் கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது. கப்சூலில் இருப்பது உயிருள்ள கிருமி. உடலில் எதிர்ப்புச் சக்தி இருந்தால் அது குடலுக்குள்ளேயே நிற்கும். அந்தச் சக்தி விழுந்த ஒருவரில், அரிதாக என்றாலும், அது இரத்தத்துக்குள் புகுந்துவிடலாம்.

நெதர்லாந்தில் கணையம் கடுமையாக வீங்கிய நோயாளிகளுக்குக் குழாய் மூலம் புரோபயோட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். 2008இல் வெளிவந்த முடிவு எல்லோரையும் அதிரவைத்தது. கொடுக்கப்பட்ட 152 பேரில் 24 பேர் இறந்தார்கள். கொடுக்கப்படாத 144 பேரில் இறந்தவர்கள் 9 பேர். "ஒரு கெடுதலும் இல்லை" என்று நான் சொன்னதற்கு இந்த ஒரு வரியே போதிய மறுப்பு. குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுப்பது பற்றியும், ஒரு குழந்தையின் மரணத்துக்குப் பின், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023இல் எச்சரித்தது.

ஆகவே பின்வருவோர் தங்கள் வைத்தியரைக் கேட்காமல் எடுக்கவேண்டாம்:

- கீமோதெரபி எடுப்பவர்கள்
- சிறுநீரகம் போன்ற உறுப்பு மாற்றுச் சத்திரசிகிச்சை செய்தவர்கள்
- எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து அல்லது நீண்டகாலம் ஸ்ரெரொய்ட் எடுப்பவர்கள்
- பெரிய நரம்பில் குழாய் பொருத்தப்பட்டிருப்பவர்கள்
- கடும் நோயோடு வைத்தியசாலையில் இருப்பவர்கள்
- குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள்

எங்கள் சமையலறை

"அப்ப தயிரும் பழஞ்சோறும் என்ன?" என்று கேட்பீர்கள். வீட்டில் உறைபோட்ட தயிரில் உயிருள்ள பற்றீரியா நிறைய உண்டு. ஆனால் எந்த வகை, எவ்வளவு என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. ஆகையால் வரைவிலக்கணப்படி அதை மருந்து என்று சொல்லமுடியாது. நல்ல உணவு என்று தாராளமாகச் சொல்லலாம். இந்த நாட்டுச் சட்டப்படி கடை யோகட்டில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 10 இலட்சம் உயிர்ப்பற்றீரியா இருக்கவேண்டும். கறியில் விட்டுக் கொதிக்கவைத்தால் அவை இறந்துவிடும். தோசையும் அப்பமும் அப்படியே. மா புளிப்பது பற்றீரியாவாலும் ஈஸ்ற்றாலும்தான், ஆனால் சூடான கல்லிலும் தாச்சியிலும் அவை தப்புவதில்லை. சமிபாடு சுலபமாகும் என்ற நன்மை மட்டும் மிஞ்சும்.

பழஞ்சோற்றில் கவனம் வேண்டும். சோற்றில் பசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சமைத்த பின்னும் உயிரோடு இருக்கும். இங்கத்தைய கோடை வெக்கையில் சோற்றை வெளியே வைத்தால் அது பெருகி நஞ்சை உண்டாக்கும். திருப்பிச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஊரில் சாப்பிட்டு ஒன்றும் வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் கீமோதெரபி எடுப்பவருக்கும் கைக்குழந்தைக்கும் பழஞ்சோற்றுக் கஞ்சி வேண்டவே வேண்டாம்.

நீரிழிவு உள்ளவர்கள் இனிப்பு யோகட், புளித்த பால் பானங்களின் சீனி அளவைப் பாருங்கள். உள்ளே ஏற்கெனவே இருக்கும் நல்ல பற்றீரியாவுக்குச் சாப்பாடு போடுவதுதான் மலிவான வழி. கீரை, பருப்பு, குரக்கன், வாழைப்பொத்தி, தவிட்டோடு கூடிய அரிசி ஆகியவற்றின் நார்ச்சத்தே அவற்றின் உணவு.

போத்தலை வாங்கமுன்

நான் கடையில் பார்த்த ஒரு போத்தலில் 30 கப்சூல், 45 டொலர். மாதம் ஒன்று என்றால் வருடத்துக்கு 540 டொலர். ஊரில் ஒரு பிள்ளையின் படிப்புக்கு எவ்வளவோ உதவும் காசு. ஆகவே வாங்கமுன் இவற்றைப் பாருங்கள்.

முதலாவது, எந்த வகை? லக்ரோபசிலஸ் என்று மட்டும் இருந்தால் போதாது. அது குடும்பப் பெயர் மாதிரி. ரம்னோசஸ் ஜிஜி என்பது போல முழுப்பெயர் இருக்கவேண்டும். ஒரு வகைக்குக் கிடைத்த பலன் இன்னொன்றுக்குப் பொருந்தாது. 2020இல் இந்தக் குடும்பத்தைப் பிரித்துப் பெயர்களை மாற்றியதால், ஜிஜியின் முன்பெயர் இப்போது லக்ரிகேசிபசிலஸ் என்றும் இருக்கலாம். பயப்படவேண்டாம், ஆள் ஒருவர்தான்.

இரண்டாவது, எவ்வளவு? பிள்ளைகளின் ஆய்வுகளில் நல்ல பலன் தெரிந்தது நாளுக்கு 500 கோடி அல்லது அதற்கு மேல் கொடுத்தபோது. அந்த எண்ணிக்கை காலாவதித் திகதிவரை உத்தரவாதமா, செய்த நாளுக்கு மட்டுமா என்றும் வாசியுங்கள்.

மூன்றாவது, இலக்கம். அவுஸ்திரேலியாவில் போத்தலில் 'அவுஸ்ட் எல்' என்று தொடங்கும் இலக்கம் இருந்தால், அரசு அதைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால் அது வேலை செய்யுமா என்பதை விற்பனைக்கு வரமுன் அரசு சோதிக்கவில்லை. சான்று தன்னிடம் உண்டு என்று கம்பனி கையெழுத்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். 'அவுஸ்ட் ஆர்' என்றால் அரசே சோதித்தது. என் தொழில் மொழியில், முன்னது முகாமையாளர் தந்த கணக்கு, பின்னது கணக்காய்வு முடிந்த கணக்கு.

அன்ரிபயோட்டிக்கோடு எடுப்பதானால் முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கி, இரண்டு மருந்துக்கும் இடையில் இரண்டு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். வைத்தியர் தந்த அன்ரிபயோட்டிக்கை இதற்காக நிறுத்தவேண்டாம். ஆங்கிலத்தில் கேட்கக் கூச்சப்படுகிற அம்மா, அப்பாமார் 131 450 என்ற அரச மொழிபெயர்ப்புச் சேவை மூலம் தமிழில் பேசலாம். பாமசியிலும் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

முடிவாக

சென்ற மாதம் நான் சொன்னதை இப்படித் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்: அன்ரிபயோட்டிக் எடுக்கும் ஆரோக்கியமான பிள்ளைக்கோ பெரியவருக்கோ சரியான வகைப் புரோபயோட்டிக் உதவக்கூடும், கட்டாயமில்லை. எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு அது கெடுதலாகலாம், வைத்தியரைக் கேட்டே கொடுக்கவேண்டும்.

அந்த அக்கா கடந்த வாரம் மீண்டும் எடுத்தார். புற்றுநோய்ப் பிரிவுத் தாதியிடம் கேட்டாராம், வேண்டாம் என்றே சொன்னார்களாம். "அதுக்காக யோசிக்காதையுங்கோ தம்பி, ஆனா அடுத்தமுறை நல்லாப் படிச்சுப்போட்டுச் சொல்லுங்கோ" என்றார். ஒலிவாங்கிக்கு முன்னால் இருக்கும் ஒவ்வொரு முறையும் இனி அந்தக் குரல் என் காதில் கேட்கும்.

அடுத்த மாதம் இன்னொரு விடயத்தோடு சந்திப்போம். வணக்கம்.